மீன் தொட்டித் தண்ணீரும் நம் கடையின் பெயரும்

வண்ண மீன் கடைக்கு முதன்முதலாக ஒரு வாடிக்கையாளர் வருகிறார். இரண்டடித் தொட்டி, மூடி, விளக்கு, ஏர் பம்ப், ஃபில்டர், கல், மணல், பிளாஸ்டிக் செடி, தீவனம், பிறகு மீன் என்று பில் நீள்கிறது. எல்லாம் கட்டி முடித்தபின் நாம் கடைசியாக எடுத்து வைப்பது ஒரு சின்ன பாட்டில். 'ஆன்டி குளோரின்' என்று சிலர் சொல்வோம், 'வாட்டர் கண்டிஷனர்' என்று சிலர் சொல்வோம். "பத்துச் சொட்டு விடுங்க, போதும்" என்று சொல்லி அனுப்பி விடுகிறோம்.

அந்தப் பில்லில் மிகக் குறைந்த விலைப் பொருள் அதுதான். ஆனால் அந்த வாடிக்கையாளர் மறுபடியும் நம் கடைப் படி ஏறுவாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதும் அதுதான். இதை நம் தொழிலில் உள்ள பலரும் இன்னும் சரியாக எடை போடவில்லை என்பதே நம் கருத்து.

வண்ண மீன் தொழிலுக்குப் போட்டி யார் என்று கேட்டால், பக்கத்துக் கடை என்போம். இப்போது இணையதள வியாபாரம் என்றும் சொல்கிறோம். உண்மையான போட்டி இரண்டும் அல்ல. முதல் மாதத்தில் சாகும் மீன்தான் நமக்குப் போட்டி. மீன் செத்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவதில்லை; மீன் வளர்ப்பையே விட்டு விடுகிறார். தொட்டி மொட்டை மாடிக்குப் போகிறது. அதன் பிறகு தீவனம் இல்லை, ஃபில்டர் பஞ்சு இல்லை, மருந்து இல்லை, அடுத்த பெரிய தொட்டியும் இல்லை. ஒரு வாடிக்கையாளர் ஐந்து வருடம் தந்திருக்க வேண்டிய வியாபாரம் ஒரே மாதத்தில் முடிந்து போகிறது. அவர் பேச்சைக் கேட்டு, வாங்க நினைத்த உறவினரும் வாங்காமல் விடுகிறார்.

ஆகவே இந்தச் சின்ன பாட்டிலைப் பற்றி நம் இதழில் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. இது மீன் கடைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. சிறு ஊர்களில் ஃபேன்சி ஸ்டோர், பிளாஸ்டிக் கடை, நாய்த் தீவனக் கடை என்று பல கடைகளில் இன்று மீன் சாமான்கள் விற்கிறார்கள். அவர்களும் படிக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.

பாட்டிலில் இருப்பது என்ன?

குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்லும் கணக்குப்படி, குழாயில் வரும் நீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். மனிதருக்கு அது பாதுகாப்பு. மீனுக்கோ அதில் பத்தில் ஒரு பங்கே தீங்கு செய்யும். குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்குகிறது. செவுள் கெட்டால் தண்ணீரில் காற்று இருந்தும் மீனால் மூச்சு வாங்க முடியாது. தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது குளோரினைத்தான்.

நாம் விற்கும் சாதாரண ஆன்டி குளோரின் என்பது சோடியம் தயோசல்ஃபேட் என்ற உப்பைத் தண்ணீரில் கரைத்தது. போட்டோ ஸ்டுடியோக்களில் படம் கழுவுவதற்கு 'ஹைப்போ' என்று வாங்குவார்களே, அதே சரக்குதான். குளோரினைக் கண்ட உடனே அதை மாற்றித் தீங்கில்லாத உப்பாக்கி விடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை முடியும். விலை மலிவு. அளவு சற்றுக் கூடினாலும் மீனுக்குப் பெரிய கெடுதல் இல்லை. இந்த அளவில் இது மிக நல்ல பொருள். இதை விற்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

விலை கூடிய கண்டிஷனர்களில் இதற்கு மேலும் சில சேர்மானங்கள் இருக்கும். செம்பு, ஈயம் போன்ற உலோகங்களைக் கட்டி வைக்கும் பொருள் சிலவற்றில் உண்டு. மீனின் உடல் மேல் உள்ள வழுவழுப்பைக் காக்க என்று கற்றாழைச் சாறு சேர்ப்பதும் உண்டு. அம்மோனியாவைத் தற்காலிகமாகக் கட்டி வைப்பவையும் உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் பல ஊர்களில் குளோரினோடு அம்மோனியாவும் சேர்த்துக் 'குளோரமின்' ஆக்கிக் குடிநீரில் விடுகிறார்கள். வெறும் ஹைப்போ அதை உடைக்கும்போது அம்மோனியா தண்ணீரில் தங்கி விடும். அதனால்தான் அந்நாட்டுச் சரக்குகளில் அம்மோனியாவுக்கும் சேர்த்து வழி செய்திருக்கிறார்கள். நம் ஊர்க் குழாய்களில் பெரும்பாலும் சாதாரணக் குளோரின்தான். விலை கூடிய பாட்டில் எல்லா வீட்டுக்கும் தேவை என்று சொல்வதும் சரியல்ல. மலிவுப் பாட்டில் எல்லாவற்றையும் செய்யும் என்று சொல்வதும் சரியல்ல.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

"எத்தனை அடித் தொட்டி வேண்டும்?" என்பதற்கு முன்பே நம் கடைப் பையன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "உங்க வீட்டுல என்ன தண்ணி?"

சென்னையையே எடுத்துக் கொள்வோம். ஒரு தெருவில் மெட்ரோ வாட்டர் குழாய். அடுத்த தெருவில் போர் தண்ணீர். அதற்கடுத்த அடுக்கு மாடியில் லாரித் தண்ணீர். தென் சென்னையில் பல பகுதிகளுக்கு நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கி அனுப்புகிறார்கள். அந்த முதல் ஆலை 2013இல் வந்தது. வட சென்னைப் பக்கம் மீஞ்சூர் ஆலை 2010இல் வந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த வருடம் ஒரே வீட்டில் மாதத்துக்கு ஒரு தண்ணீர் என்று மாறியது. மனிதரே சமாளிக்கத் திணறினோம். தொட்டி மீன் என்ன செய்யும்?

குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் அவசியம். மழைக் காலத்திலும் வெள்ளக் காலத்திலும் நோய் பரவாமல் இருக்கக் குளோரினைக் கூட்டுவார்கள். வீட்டுக்காரர்களும் தொட்டி கழுவிய பின் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். அந்த நாட்களில் வழக்கமான சொட்டுகள் போதாது. "மீன் போன வாரம் வரைக்கும் நல்லா இருந்துச்சே" என்று வருகிறவரிடம், "மாடித் தொட்டி கழுவினீங்களா?" என்று கேட்டால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

போர் தண்ணீர் என்றால் நிலை வேறு. பூமிக்குள்ளிருந்து நேராக வரும் நீரில் குளோரின் கிடையாது. அங்கே பத்துச் சொட்டு விட்டாலும் ஒன்றுதான், விடாவிட்டாலும் ஒன்றுதான். அதில் உள்ள தொல்லை கடினத்தன்மை, சில இடங்களில் இரும்பு, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று குறைவு. வாளியில் பிடித்து, ஒரு ஏர் கல்லைப் போட்டு, ஒரு நாள் ஓட விட்டுப் பயன்படுத்தச் சொன்னால் போதும். அதற்கு வாடிக்கையாளருக்குச் செலவில்லை. நமக்கும் அந்த ஒரு பாட்டில் விற்காது. ஆனாலும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

லாரித் தண்ணீர் என்றால் கிணற்று நீரா, குளோரின் போட்டதா என்று தெரியாது. அங்கே பாதுகாப்புக்கு விட்டுக் கொள்ளலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "மீனுக்கு நல்ல தண்ணி கொடுக்கணும்" என்று அன்போடு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுகிறவர்கள். கப்பி, மோலி, தங்கமீன் எல்லாம் ஓரளவு உப்பும் சுண்ணமும் உள்ள நீரில் வாழ்பவை. ஆர்.ஓ. இயந்திரம் அதையெல்லாம் எடுத்து விடுகிறது. வெறும் ஆர்.ஓ. நீரில் பி.எச். நிலையாக நிற்காது, நாள் போகப் போக இறங்கி விடும். இவர்களுக்குக் கண்டிஷனர் வேண்டாம். போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கலந்து ஊற்றும் யோசனைதான் வேண்டும்.

இத்தனையையும் தெரிந்து கொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை நாம் மிச்சம் பிடிப்பதில் லாபம் இல்லை.

பாட்டில் செய்யாத வேலை

இனி நாம் சொல்லப் போவது சில நண்பர்களுக்குக் கசக்கலாம். ஆன்டி குளோரின் விட்டால் உடனே மீன் விடலாம் என்று சொல்லி, ஒரே நாளில் தொட்டியையும் இருபது மீனையும் சேர்த்து விற்பதுதான் நம் தொழிலின் பெரிய கேடு.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் இருபது மீனை விட்டால், இரண்டாவது வாரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போகும். தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடி போல் இருக்கும். வாடிக்கையாளர் சொட்டு மருந்தையும் தவறாமல் விட்டிருப்பார். "கடைக்காரன் நோய் மீனைக் கொடுத்து விட்டான்" என்றுதான் அவர் நினைப்பார். நாம் கொடுத்தது நல்ல மீன். சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைதான் அதைக் கொன்றது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே அளவு அம்மோனியா இருந்தாலும், பி.எச். ஏழிலிருந்து எட்டுக்குப் போனால் அதில் நஞ்சாக நிற்கும் பகுதி ஏறத்தாழ பத்து மடங்கு ஆகிறது. வெயில் ஏறினாலும் கூடுகிறது. காரத்தன்மை உள்ள போர் தண்ணீரும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். குளிர் நாட்டில் ஒரு தொட்டி தாங்குகிற மீன் எண்ணிக்கையை நம் ஊர்த் தொட்டி மே மாதத்தில் தாங்காது.

வழி எளிது. முதல் நாள் தொட்டியும் ஃபில்டரும் ஒரு பாட்டிலும் விற்போம். ஃபில்டரை ஓட விட்டு ஒரு வாரம் கழித்து வரச் சொல்வோம். வந்தால் நான்கைந்து மீன் மட்டும் கொடுப்போம். நம் கடையில் ஓடிக் கொண்டிருக்கும் பழைய ஸ்பாஞ்சைக் கொஞ்சம் பிழிந்து அவர் தொட்டிக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. நோயில்லாத தொட்டியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது மட்டும் கவனம். மூன்று வாரம் கழித்து இன்னும் சில. இப்படிச் செய்தால் ஒரு பில் நான்கு பில்லாகிறது. அவர் நான்கு முறை கடைக்கு வருகிறார். ஒவ்வொரு முறையும் ஏதாவது வாங்காமல் போவதில்லை. முதல் நாளே இருபது மீன் விற்றதைவிட இதில் வரவு அதிகம் என்பதை எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்வார்.

கண்டிஷனர் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் வாராந்திரத் தண்ணீர் மாற்றம். வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்ற வேண்டும். முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. புதுத் தண்ணீரை வாளியில் பிடித்து, சொட்டு விட்டுக் கலக்கி, பிறகு ஊற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவினால் குளோரின் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்று விடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலச வேண்டும். சின்ன பாட்டிலில் ஃபைட்டர் வளர்ப்பவர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ முழுத் தண்ணீரையும் மாற்றுகிறார். அவருக்குத்தான் ஆன்டி குளோரின் எல்லோரையும் விட முக்கியம். இவையெல்லாம் நமக்குத் தெரிந்தவையே. வாடிக்கையாளருக்குச் சொல்கிறோமா என்பதுதான் கேள்வி.

நீலம் எல்லாம் ஒன்றல்ல

இன்னொரு குழப்பம் நிறத்தால் வருகிறது. சில ஊர்களில் ஆன்டி குளோரினுக்கு நீல நிறம் சேர்த்து விற்கிறார்கள். மெத்திலீன் புளூவும் நீலம். வாடிக்கையாளர் "அந்த நீல மருந்து" என்று கேட்கிறார்; கடைப் பையன் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுக்கிறான். மெத்திலீன் புளூ பூஞ்சைக்கும் மீன் முட்டையைக் காப்பதற்கும் உரிய மருந்து. அது குளோரினை நீக்குவதற்கான பொருள் அல்ல. வாராவாரம் ஓடும் தொட்டியில் விட்டால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியா கெடும், செடி கெடும், கல்லும் சிலிக்கான் ஒட்டும் நீலமாகும். மருந்தை மருந்தாகவும், தண்ணீர்ச் சரக்கைத் தண்ணீர்ச் சரக்காகவும் தனித்தனி அலமாரியில் வைப்பது சிறு வேலைதான். அதையாவது இன்றே செய்யலாம்.

பெயரில்லாப் பாட்டில்

இப்போது நாம் எழுத வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறோம். கேனில் கரைத்து வைத்த ஹைப்போவைச் சிறு பாட்டில்களில் ஊற்றி, லேபிள் இல்லாமலோ, படம் மட்டும் போட்ட ஒரு ஸ்டிக்கரோடோ விற்பது நம் தொழிலில் பரவலாக இருக்கிறது. நம் கிடங்குக்கும் அப்படிக் கேன் கொண்டு வந்து, "லேபிள் நீங்களே போட்டுக்குங்க அண்ணாச்சி, என்ன பேர் வேணும்னாலும் போடுங்க" என்றவர்கள் உண்டு. எத்தனை கிராம் கரைத்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. திருப்பி அனுப்பியிருக்கிறோம். அந்தக் கேன் ஆற்றில் கொட்டப்பட்டிருக்காது; வேறு எங்கோ பாட்டிலாகியிருக்கும்.

இதில் என்ன தவறு, பொருள் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி கணக்கில் சுமார் 56 லிட்டர். கல், மணல், மேல் இடைவெளி போக 45 முதல் 50 லிட்டர் நிற்கும். அதில் 25 லிட்டர் மாற்றுகிறார் என்று வைப்போம். தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால், மொத்தம் 25 மில்லிகிராம். ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு ஹைப்போ என்பது நடைமுறைக் கணக்கு. ஆக 175 மில்லிகிராம் ஹைப்போ வேண்டும்.

லிட்டருக்கு 100 கிராம் கரைத்த சரக்காக இருந்தால் 1.75 மில்லி, அதாவது சுமார் 35 சொட்டு போதும். லிட்டருக்கு 10 கிராம் மட்டும் கரைத்த சரக்காக இருந்தால் 17.5 மில்லி, அதாவது 350 சொட்டு வேண்டும். இரண்டு பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டையும் கொடுத்து நாம் சொல்வதும் "பத்துச் சொட்டு" என்ற ஒரே வார்த்தைதான். முதல் பாட்டிலில் அது குறைவு. இரண்டாவதில் அது வெறும் தண்ணீர். வாடிக்கையாளர் நம் சொல்லை நம்பி விட்டார், மீன் செத்தது. குற்றம் யாருடையது?

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, முன்கூட்டியே அடைத்து விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது அடைத்தவர் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர அளவு, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தயாரிப்பாளர் யாரென்று தெரியாத பொருளால் பாதிப்பு வந்தால், விற்றவரே பொறுப்பாளி ஆவதற்கு அதில் இடம் இருக்கிறது. ஒரு சின்ன பாட்டிலில் கிடைக்கும் அற்ப லாபத்துக்காக இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக் கொள்வது வியாபார புத்தி அல்ல.

மளிகைத் துறை நண்பர்களுக்கு இது புதிதல்ல. 1998இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்து பலர் உயிரிழந்தார்கள். சில்லறையாக ஊற்றி விற்கும் எண்ணெய்க்கே அங்கு தடை வந்தது. மனித உயிரோடு மீனை ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெயரில்லாச் சரக்கு ஒரு தொழிலில் பெருகினால், ஒழுங்காக விற்றவரும் சேர்ந்தே சந்தேகத்துக்கு ஆளாகிறார் என்பதற்காகச் சொல்கிறோம்.

சில்லறைக் கடைக்காரர் சொல்லும் நியாயம்

சிறு கடைக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். "லேபிள் சரக்கு விலை கூட. வாடிக்கையாளர் பத்து ரூபாய்க்குக் கூடப் பேரம் பேசுகிறார்" என்கிறார்கள். அது உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கில் தொட்டிக்குச் செலவிடுகிறவர், காரணம் சொன்னால் அந்த வித்தியாசத்துக்காகப் பின்வாங்குவதில்லை. யானை வாங்கியவர் அங்குசத்துக்கு யோசிப்பாரா? யோசிக்கிறார் என்றால், அங்குசம் எதற்கு என்று நாம் சொல்லவில்லை என்று பொருள்.

"நாலு கேள்வி கேட்டால் அடுத்த கடைக்குப் போய் விடுவார், ஒரு வாரம் கழித்து மீன் என்றால் எதிர்க் கடையில் அன்றே வாங்குவார்" என்பது இரண்டாவது நியாயம். இதிலும் உண்மை இருக்கிறது. கொளத்தூர் போல வரிசையாக மீன் கடைகள் உள்ள இடத்தில் ஒருவர் மட்டும் நேர்மையாக இருந்தால் முதலில் நஷ்டம் அவருக்குத்தான். அதனால்தான் இதைத் தனி மனிதரின் ஒழுக்கமாக விட முடியாது, சங்கம் எடுத்துச் செய்ய வேண்டும் என்கிறோம். எல்லாக் கடையிலும் ஒரே வார்த்தை சொன்னால் வாடிக்கையாளர் எங்கே போவார்?

"இணையத்தில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது" என்பது மூன்றாவது. விலையில் நாம் அவர்களோடு மல்லுக்கட்ட முடியாது. ஆனால் எங்கோ ஒரு கிடங்கிலிருந்து பெட்டி அனுப்புகிறவருக்கு இந்தத் தெருவில் போர் தண்ணீரா, மெட்ரோ தண்ணீரா என்று தெரியாது. அது நமக்குத் தெரியும். அந்த அறிவுதான் நம் முதல். அதைக் கடையில் வைத்துக் கொண்டே விற்காமல் இருக்கிறோம்.

மொத்த வியாபாரியின் கடமை

பழியைச் சில்லறைக் கடைக்காரர் தலையில் மட்டும் போடுவது நியாயமல்ல. மொத்த வியாபாரிகள் "ஐம்பது தீவனம் எடுத்தால் பத்து பாட்டில் இலவசம்" என்று தள்ளுகிறோம். இலவசமாக வந்த பொருளைப் பற்றிக் கடைக்காரர் ஏன் விசாரிக்கப் போகிறார்? அடர்த்தி தெரியாத சரக்கு நம் கிடங்கை விட்டு வெளியே போகக் கூடாது. முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். அந்த முதல் நம்மிடம்தான் இருக்கிறது.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, தயாரிப்பாளர் பெயரும், எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி என்ற அளவும் தமிழில் இல்லாத ஆன்டி குளோரின் பாட்டிலை உறுப்பினர் எவரும் வாங்கவோ விற்கவோ கூடாது என்று தீர்மானம் போட வேண்டும். ஏற்கனவே கையில் உள்ள சரக்கைத் தீர்க்க மூன்று மாத அவகாசம் தரலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம். வீட்டில் என்ன தண்ணீர், அதற்கு என்ன செய்ய வேண்டும், முதல் மாதம் எத்தனை மீன், வாரம் எவ்வளவு தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதை எளிய தமிழில் அச்சடித்து, தொட்டி வாங்கும் ஒவ்வொருவருக்கும் பில்லோடு கொடுக்க வேண்டும். அச்சுச் செலவை மொத்த வியாபாரிகள் ஏற்றுக் கொள்ளலாம். நம் பங்கைத் தரத் தயாராக இருக்கிறோம்.

மூன்றாவது, ஒவ்வொரு கடையிலும் குளோரின், அம்மோனியா, பி.எச். மூன்றையும் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்தால் இலவசமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வது போலத்தான் இதுவும். பார்த்துச் சொன்ன கடையை ஜனங்கள் மறப்பதில்லை.

நான்காவது, கடைப் பையன்களுக்குப் பயிற்சி. முதலாளி எல்லாம் தெரிந்தவராக இருந்து பயனில்லை. கவுன்டரில் நிற்பவர்தான் பேசுகிறார். நம் மாநிலத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து ஆசிரியர் ஒருவரை அழைத்து, வருடத்துக்கு இரண்டு முறை, கோடைக்கு முன் ஒன்றும் மழைக்கு முன் ஒன்றும், அரை நாள் வகுப்பு வைக்கக் கேட்கலாம்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. மனம்தான் வேண்டும். வட சென்னையிலும் திருவள்ளூர்ப் பக்கமும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுப் பின்புறத்தில் சிமென்ட் தொட்டி கட்டி மீன் குஞ்சு வளர்த்துப் பிழைக்கிறார்கள். அவர்களில் பெண்கள் பலர். இரவும் பகலும் பார்த்து அவர்கள் வளர்த்துக் கொடுத்த மீன், வாடிக்கையாளர் வீட்டில் பத்து நாளில் சாகுமானால், அந்தக் குடும்பங்களின் தொழிலும் நாளடைவில் சாகும். நம் கல்லாவை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

தொட்டிக்குள் இருக்கும் உயிருக்கு வாய் இல்லை. அதற்காகக் கடைக்காரர்தான் பேச வேண்டும். வரும் பொதுக்குழுவில் இந்த நான்கு யோசனைகளையும் விவாதத்துக்கு எடுத்துக் கொள்ளுமாறு நிர்வாகிகளையும், உறுப்பினர்களையும் கேட்டுக் கொள்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம். தீர்மானம் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டாதது ஒன்று இருக்கிறது: நாளைக் காலை கடை திறந்ததும், முதலில் வரும் வாடிக்கையாளரிடம் "உங்க வீட்டுல என்ன தண்ணி?" என்று கேட்பது.